நாட்டுடைமை ஆன நூல்களை நான் இணையத்தில் போடலாமா? பதிப்புரிமையில் அரசு என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்த பழைய தமிழ் நூல்கள் இரண்டு பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றன. அவற்றில் சில நாட்டுடைமை ஆனவை என்கிறார்கள். அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா? பதிப்புரிமை விஷயத்தில் அரசின் கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

பதில்: போடலாம். எழுத்தாளரின் பெயர் நாட்டுடைமைப் பட்டியலில், அதாவது அரசு உரிமையை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்ட எழுத்தாளர்களின் பட்டியலில், இருந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் பணம் தர வேண்டாம். பட்டியலில் இல்லாவிட்டாலும், அவர் மறைந்து 60 ஆண்டு முடிந்திருந்தால் போடலாம். சில விதிவிலக்குகள் உண்டு, கடைசியில் சொல்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு வருடமாகத் தமிழ் விக்கிமூலத்தில், அதாவது தன்னார்வலர்கள் நடத்தும் இலவச இணைய நூலகத்தில், மெய்ப்புப் பார்த்து (பிழை திருத்தி) வருகிறேன். இதில் பட்ட அனுபவமும் உண்டு, கோபமும் உண்டு.

முதலில் ஒரு சொல் விளக்கம். பலரும் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்குத் தருகிற பேட்டன்ட். எழுத்துக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் உள்ளது பதிப்புரிமை. சட்டமும் வேறு, காலக்கெடுவும் வேறு.

இந்தியாவில் இதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டு எண்ண வேண்டும். அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்தார். 1995-ல் அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகாமல் இருந்திருந்தால், அவர் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்து போட ஒரு மாணவர் 2030 பிறக்கும் வரை காத்திருக்க வேண்டும். பாரதிதாசன் மறைந்தது 1964-ல். அவர் நூல்களுக்கு 2024 டிசம்பர் வரை பூட்டு இருந்திருக்கும். 1990-லேயே அதைத் திறந்துவிட்டார்கள்.

இந்த 60 ஆண்டு என்பது ஆதியிலிருந்தே இருந்த கணக்கு இல்லை. முன்பு 50 ஆண்டுதான். பதிப்புரிமைக்காக உலக நாடுகள் கையெழுத்திட்ட பெர்ன் உடன்படிக்கை கேட்பதும் 50-தான். தாகூர் 1941-ல் மறைந்தார், அவர் நூல்களின் உரிமை அவர் தொடங்கிய விசுவபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 1991 கடைசியில் அது முடிய வேண்டிய நேரத்தில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து எல்லோருக்கும் சேர்த்துப் பத்து ஆண்டைக் கூட்டியது. தாகூரின் எழுத்து சிதையக் கூடாது என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் ஒருவருக்காக, வாரிசு யார் என்றே தெரியாத ஆயிரக்கணக்கான சிறு எழுத்தாளர்களின் நூல்களும் இன்னும் பத்து வருடம் அலமாரியிலேயே கிடந்தன. மறுபதிப்புப் போட ஆளும் இல்லை, போட்டால் வழக்கு வருமோ என்ற பயமும் போகவில்லை. அது தவறான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

தமிழ்நாடு இதற்கு நேர் எதிரான வழியில் போனது. பாரதி 1921-ல் இறந்தபோது அவர் குடும்பத்திடம் ஒன்றும் இல்லை. நூல்களின் உரிமை பிறகு அவர் தம்பி விசுவநாதனிடம் போனது. பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை கை மாறிக் கை மாறிக் கடைசியில் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. நாடகக் கலைஞர் டி.கே. சண்முகம் தன் படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது, உரிமை என்னுடையது என்று தகராறு வந்தது. சுதந்திரம் வந்த புதிது. ஊரெல்லாம் பாடிய பாட்டுக்குத் தனி ஒருவர் உரிமையாளரா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கிளர்ந்தார்கள். 1949-ல் ஓமந்தூரார் ஆட்சியில் அரசே உரிமையை வாங்கியது. மெய்யப்பச் செட்டியார் தன் பங்குக்குப் பணம் வாங்காமல் கொடுத்தார். சில ஆண்டுகளில் அரசும் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் மக்களுக்கே விட்டுவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1957 சட்டம் வருவதற்கு முன்பே, பதிப்புரிமை என்ற சொல்லே பலருக்குத் தெரியாத காலத்தில், ஒரு மாநில அரசு எடுத்த முடிவு அது.

இன்று 150-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. வாரிசுகளுக்கு அரசு ஒரு தொகை தருகிறது, அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 2009-ல் அறிவிப்பு வந்தபோது சில குடும்பங்கள் வேண்டாம் என்றன, அரசும் வற்புறுத்தவில்லை. அதுதான் முறை. கேட்டு வாங்க வேண்டும், பறிக்கக் கூடாது.

சரி, இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் எங்கே குறை? உரிமையை வாங்கியதோடு அரசு நின்றுவிடுகிறது. வாங்கிய உரிமையைக் காப்பதற்கு யாரும் இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மறைந்து 60 ஆண்டுக்கு மேலான, நாட்டுடைமையும் ஆன ஒரு எழுத்தாளரின் கட்டுரைத் தொகுப்பு. 1940-களில் வந்த பதிப்பைப் பார்த்து மூன்று மாதம் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்து, மின்னூலாக்கி ஒரு தளத்தில் ஏற்றினேன். இரண்டே வாரத்தில் ஒரு பதிப்பகம், இது எங்கள் உரிமை என்று தளத்துக்கு எழுதியது. அடுத்த நாளே நூல் போய்விட்டது. அந்தப் பதிப்பகம் போட்ட புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘உரிமை பதிப்பகத்துக்கே’ என்று அச்சிட்டிருந்தார்கள். தளத்துக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு பட்டியலில் எழுத்தாளரின் பெயர் மட்டும். அரசாணை நகல் கேட்டார்கள். அதைத் தேடிப் பிடித்து அனுப்பி, நூல் திரும்ப வர நான்கு மாதம் ஆனது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் அந்தப் படைப்பை மறைக்க வேண்டும். புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பப் போடலாம். ‘லாம்’ என்பதுதான் இதில் சிக்கல். திரும்பப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆதாரமில்லாமல் மிரட்டுகிறவர் மீது வழக்குப் போட சட்டத்தின் 60-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. மாதச் சம்பளக்காரன், ஓய்வு நேரத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன், ஒரு பழைய கட்டுரைத் தொகுப்புக்காக வக்கீல் வைத்து வழக்கு நடத்துவானா? மாட்டான். சும்மா விட்டுவிடுவான். நூல் காணாமல் போய்விடும்.

ஆகவே என் முதல் கருத்து இது. மக்கள் பணத்தில் வாங்கிய உரிமைக்கு அரசே பொறுப்பாக நிற்க வேண்டும். நாட்டுடைமை நூலின் மேல் யாராவது பொய்யாக உரிமை கொண்டாடினால், புகாரை வாங்கி, இது பொதுச்சொத்து என்று ஒரு கடிதம் எழுதித் தர தமிழ் வளர்ச்சித் துறையில் ஒரு அலுவலர் போதும். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் அரசாணையை ஒரே இடத்தில், நிலையான முகவரியில் வைத்தால் பாதிச் சண்டை வராது.

இன்னொரு விஷயம் உரிமக் குறிப்பு. ‘நாட்டுடைமை’ என்ற சொல் நமக்குப் புரியும். அமெரிக்காவில் இருக்கிற ஒரு தளத்துக்கு அது என்ன என்றே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது, படைப்பை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் மாதிரியான உரிமங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் இதைச் சரியாகச் செய்த ஒரு தருணம் உண்டு. 2016 வாக்கில் 2000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் ஸ்கேன்கள் சிசி ஜீரோ என்ற பொதுக்கள உரிமத்தோடு (யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பது) விக்கிமீடியாவின் பொதுவகம் என்ற கோப்புக் களஞ்சியத்துக்கு வந்தன. நான் விக்கிமூலத்துக்குள் வந்ததே அதனால்தான். அந்த ஒரு குறிப்பு இருப்பதால் அந்த நூல்களை யாரும் இதுவரை என்னிடம் வந்து கேள்வி கேட்டதில்லை. அதே உரிமத்தை எல்லா நாட்டுடைமை நூல்களுக்கும், இனி நாட்டுடைமை ஆகப்போகிற நூல்களுக்கும் அரசாணையிலேயே எழுதிவிட்டால் என்ன?

அப்புறம், ஸ்கேன் இருந்தால் மட்டும் போதாது. மதுரையில் எனக்குப் பார்வையில்லாத தோழி ஒருவர் இருக்கிறார், பள்ளி ஆசிரியை. ஒரு நாள் அவருக்குச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் பிடிஎஃப் அனுப்பினேன். ‘அண்ணா, இது வெறும் படம். என் கம்ப்யூட்டர் ஒண்ணுமே படிக்க மாட்டேங்குது’ என்றார். அந்தப் பேச்சுதான் என்னைப் படங்களை எழுத்தாக்கும் வேலையில் முழுதாக உட்கார வைத்தது. பார்வையற்றோருக்காக நூல்களை வேறு வடிவுக்கு மாற்றப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்று 2013-ல் மராகேஷில் ஓர் உடன்படிக்கை போட்டார்கள். உலகிலேயே முதலில் அதை உறுதி செய்த நாடு இந்தியா, 2014-ல். அதற்கும் முன்பே, 2012 திருத்தத்தில், நம் சட்டத்திலும் அந்த விலக்கு வந்துவிட்டது. சட்டத்தில் கதவு திறந்திருக்கிறது. உள்ளே போனால் எழுத்தாக நூல்கள் இல்லை.

எழுத்தாக்குவது எளிய வேலை இல்லை. படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் இப்போது நன்றாகவே படிக்கிறது. ஆனால் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு அச்சான நூல்களில் ணை, லை, னை எல்லாம் பழைய கொம்பு வடிவத்தில் இருக்கும். அங்கே தடுமாறும். துணைக்காலை ‘ர’ என்று படிக்கும். தாள் பழுத்திருந்தால் புள்ளி எங்கே, அழுக்கு எங்கே என்று அதற்குத் தெரியாது. ஒரு பக்கத்துக்கு எனக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. விக்கிமூலத்தில் நான் முடித்த பக்கத்தின் நிறம் மஞ்சளாகும், இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சையாகும். லட்சக்கணக்கான பக்கங்கள் இன்னும் யார் கையும் படாமல் காத்திருக்கின்றன. தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தில் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் இதே வேலையைத்தான் செய்து வருகிறார்கள். ஓய்வு நேரத்தில் சிலர் செய்கிற இந்த வேலைக்கு அரசு ஒரு சிறு தொகை ஒதுக்கி, தமிழ் படித்த பட்டதாரிகளை வைத்துச் செய்தால் எவ்வளவு வேகமாக முடியும்! வெளியே வருகிற எழுத்தும் பொதுக்களத்திலேயே இருக்க வேண்டும், அது முக்கியம். பிழைதிருத்தி செய்கிறவரும், அகராதி செய்கிறவரும், குரல் மென்பொருள் செய்கிறவரும் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

அரசின் சொந்த ஆவணங்களின் நிலை இன்னும் வருத்தம் தருவது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய யூனிகோட் எழுத்துக் குறியீட்டைத் தரமாக ஏற்று ஆணை வந்தது. அதற்குப் பிறகும் பல வருடம் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடும் குவியலாக வரும். தேடினால் கிடைக்காது. சட்டங்கள், அரசிதழ், தீர்ப்புகள் இவற்றை மறுவெளியீடு செய்ய விலக்கு இருக்கிறது, நல்லது. ஆனால் மற்ற அரசு வெளியீடுகளுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 வருடம் பதிப்புரிமை அரசுக்கே. 1970-களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தமிழில் கொண்டுவந்த கல்லூரிப் பாடநூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். வரி கட்டியவர்கள் பணத்தில் எழுதி, அவர்கள் பணத்திலேயே அச்சிட்ட அந்த நூல்களை அவர்களே போட முடியாது. அமெரிக்காவில் கூட்டரசின் ஊழியர்கள் பணியில் எழுதியதற்குப் பதிப்புரிமையே கிடையாது. இங்கே 2017-ல் அரசுத் தரவுகளுக்கு ஒரு திறந்த உரிமம் வந்தது. அதைப் போல ஒன்று பாடநூலுக்கும் அகராதிக்கும் கலைச்சொல் பட்டியலுக்கும் வர வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதால், எல்லாமே இலவசமாக வேண்டும் என்கிறவன் என்று என்னை நினைக்க வேண்டாம். உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் புது நாவலை பிடிஎஃப் ஆக்கி டெலிகிராமில் சுற்றவிடுவது திருட்டு. தமிழில் ஒரு நூல் சில நூறு பிரதி விற்பதே பெரும்பாடு. அந்தச் சிறு வருமானத்தையும் பிடுங்குவதற்கு டிஜிட்டல் உரிமை என்று பெயர் வைக்கக் கூடாது. பதிப்புரிமை முடிந்த பிறகும் சட்டத்தின் 57-ஆம் பிரிவு ஒன்றைக் காக்கிறது. நூலை எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் எழுத்தை அவருக்கு அவப்பெயர் வரும்படி சிதைக்கக் கூடாது. நாட்டுடைமை என்றதும் அத்தியாயங்களை வெட்டி மலிவுப் பதிப்புப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இனி உங்கள் பெட்டிகளுக்கு வருவோம். எழுத்தாளர் இறந்த ஆண்டைப் பாருங்கள், பட்டியலையும் பாருங்கள். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மூல ஆசிரியர் இறந்த ஆண்டு மட்டும் போதாது, மொழிபெயர்த்தவருக்கும் தனி உரிமை உண்டு. எழுத்தாளர் இறந்த பிறகு முதன்முதலாக அச்சான நூலுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 எண்ண வேண்டும். சங்க இலக்கியமாகவே இருந்தாலும், அண்மையில் ஒருவர் எழுதிய உரையும் முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடையவை. அவற்றை விட்டுவிட்டு மூலத்தை மட்டும் போடுங்கள். அட்டைப்படம் வரைந்த ஓவியரையும் மறக்க வேண்டாம்.

ஸ்கேன் செய்யும்போது படத் தெளிவை 300 டிபிஐக்குக் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் வையுங்கள். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் இயந்திரத்தில் அழுத்தாமல் மேலிருந்து கேமராவில் எடுங்கள். முக்கியமாக, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பலரும் கதை அங்கே தொடங்கவில்லை என்று அதைத் தாண்டிவிடுகிறார்கள். எந்த ஆண்டு, எத்தனையாவது பதிப்பு, எந்த அச்சகம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நாளைக்கு யாராவது உரிமை கேட்டு வந்தால் எடுத்துக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தப் பக்கம்தான்.