சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அனிமோன் பூச்செடி வளர்க்க முடியுமா? எந்த வகை வாங்கலாம்?

முடியும் என்பதும் சரி, முடியாது என்பதும் சரி. எந்த அனிமோன், எந்த அறை, மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் அநேகமாக ஏதாவது கல்யாணப் படத்தில் அந்தப் பூவைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை இதழ், நடுவில் கரேலென்று ஒரு பொட்டு. நான் பூக்கடையில் பல வருஷம் வேலை பார்த்தவள். மணப்பெண்கள் கைப்பேசியை நீட்டி “இதுதான் வேணும் அக்கா” என்பார்கள், எட்டிப் பார்த்தால் இந்தப் பூவாகத்தான் இருக்கும். வியாபாரத்தில் பாண்டா அனிமோன் என்போம். (அது இதழே இல்லை, நிறம் மாறிய புல்லி என்று தாவரவியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தெரியும். இதழ் என்றே எழுதப்போகிறேன்.)

இதே கேள்விக்கு ஒருவர் “ஆர்வம் இருந்தால் எந்தச் செடியும் எங்கேயும் வளரும்” என்று பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ஆர்வத்துக்கு இங்கே யாருக்கும் குறைச்சல் இல்லை. குறைச்சல் குளிருக்குத்தான்.

கிழங்காக விற்பது பெரும்பாலும் அனிமோன் கொரோனாரியா. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. மிதமான குளிரில் முளைத்து, வசந்தத்தில் பூத்து, கோடை வறட்சி வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் படுத்துவிடும். ஒற்றை அடுக்கில் பூப்பது டி கேன், பல அடுக்கில் பூப்பது செயின்ட் பிரிஜிட். நீங்கள் கேட்கும் தோற்றம் ஒற்றை அடுக்கில்தான் வரும். அனிமோன் பிளாண்டா, நெமரோசா என்ற குட்டை வகைகளும் உண்டு. இலையுதிர் மரங்களுக்கு அடியில் கம்பளமாகப் பூப்பவை. அவற்றுக்கு நிஜமான குளிர்காலம் வேண்டும், நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

அப்புறம் ஜப்பான் அனிமோன். பெயர்தான் ஜப்பான், பூர்வீகம் சீனா. 1844இல் செடி சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் ஷாங்காயிலிருந்து லண்டனுக்கு அனுப்பினார் என்பது தோட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. இடுப்பளவு வளரும், இலையுதிர் காலத்தில் பூக்கும். 1858இல் பிரான்சில் கண்டெடுத்த ஹொனொரீன் ஜோபர் என்ற வெள்ளை ரகம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. குளிர் நாடுகளில் இது வேரால் பரவி, பிடுங்கி மாளாமல் திட்டு வாங்கும். இங்கே பூக்கும் என்று நம்பி மட்டும் காசு போடாதீர்கள்.

“வெள்ளைக்காரன் ஊர்ப் பூ, நமக்கெதற்கு” என்றும் ஒருவர் எழுதுவார். அதுவும் தப்பு. நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் அனிமோன் ரிவுலாரிஸ் என்ற வகை காட்டுப்பூவாக வளர்கிறது. வெள்ளைப் பூ, இதழின் அடிப்பக்கம் லேசாக நீலம் ஓடியிருக்கும். இலங்கை மலைகளிலும் உண்டு. ஆக, நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பது மட்டுமே பிரச்சினை இல்லை. இராத்திரியும் வெக்கையாக இருப்பதுதான் பிரச்சினை. இங்கே விடியற்காலையிலும் சாதாரணமாக 24, 25 டிகிரி இருக்கும். மழை கொட்டினால் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

கரையோரப் பூந்தோட்டங்களில் ஃபிளவர் டோம் என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் டியூலிப்பே பூக்கிறதே என்று கேட்பீர்கள். முன்கூட்டியே குளிரூட்டி இறக்குமதி செய்த கிழங்குகள் அவை. பூத்து முடிந்தால் எடுத்துவிட்டு அடுத்த கண்காட்சிக்கு வேறு செடி வைப்பார்கள். அதுவும் கண்ணாடிக் கூரைக்குள் பகலிலேயே 23இலிருந்து 25 டிகிரிக்குள் வைத்திருக்கிறார்கள்.

சரி, என் கதை. மகள் படிக்க வெளியூர் போனதும் அவள் அறை காலியானது. ஒரு டி கேன் பொட்டலம் வாங்கினேன். கிழங்கு என்று கொட்டினால் காய்ந்த சுக்குத் துண்டுதான் விழும். மேல் எது, கீழ் எது என்று தெரியாது. தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடலாம், முளை தானாக வழி கண்டுபிடிக்கும். சில மணி நேரம் தண்ணீரில் ஊறியதும் நன்றாக உப்பும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் அழுகும். ஊறியதை ஈரப்பதமான வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) புதைத்து, ஒரு டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் மூடினார்.

வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் தொட்டிக்கு மாற்றினேன். தண்ணீர் நிற்காத மண், அதிலே நிறையப் பெர்லைட் (தண்ணீரை வடியவிடும் வெள்ளைத் துகள்), மேலே சுமார் 5 செ.மீ. மூடல். பகலில் விளக்கு, இரவில் ஏர்கான். ஏர்கானில் 16 என்று வைத்தால் அறை 16 ஆகிவிடாது. தொட்டிக்குப் பக்கத்தில் வைத்த வெப்பமானி 20ஐ விட்டு இறங்கவே பிடிவாதம் பிடித்தது. ஆனாலும் இலை வந்தது. பல கிழங்குகள் இலையோடு நின்றுவிட்டன. ஒன்றில் மட்டும், இலைகளுக்கு நடுவே, பச்சைக் கழுத்துப்பட்டி மாட்டிக்கொண்டு தலை குனிந்தபடி ஒரு மொட்டு.

பூத்தது. கடும் ஊதா. கடையில் வரும் தண்டு முழங்கை நீளம், என்னுடையது விரல் நீளம்கூட இல்லை. விளக்குப் போட்டால் விரியும், அணைத்தால் மூடிக்கொள்ளும். வீட்டுக்காரர் இரவு பதினோரு மணிக்கு எழுந்து வந்து விளக்கைப் போட்டு அது விரிகிறதா என்று பார்த்தார், மின்கட்டணத்தைப் பற்றிப் பேசிய அதே மனிதர். பூ முடிந்ததும் இலை மஞ்சளாகி, கிழங்கும் கொழகொழவென்று போய்விட்டது. அதற்கு வேண்டிய வறண்ட தூக்கம் நம் ஈரக்காற்றில் கிடைக்காது.

ஏர்கான் அறையில் பூக்க வைத்ததெல்லாம் தோட்டமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் தோட்டம் என்று சொல்லவில்லை, பூத்தது என்றுதான் சொன்னேன். செலவு பரவாயில்லை, ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்றால் செய்யுங்கள். வருஷா வருஷம் பூக்கும் என்று யாராவது கிழங்கு விற்றால் வாங்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினரைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்வதும் வேண்டாம். தாவர நலச் சான்றிதழ், இறக்குமதி அனுமதி எல்லாம் கேட்பார்கள்.

வெளியே நடைபாதையில் வைக்க அதே சாயலில் ஏதாவது வேண்டும் என்றால் டர்னெரா சுபுலாட்டா வையுங்கள். வெளிர் இதழ், அடியில் கரும் வட்டம், நடுவில் மஞ்சள். அனிமோனுக்கு உறவே கிடையாது. காலையில் விரிந்து, மதியத்துக்கு முன் சுருங்கிவிடும். மறுநாள் வேறு பூ. நல்ல வெயில் வேண்டும், ஒடித்து நட்டால் பிழைக்கும். தொட்டிகளை ஒதுக்கி 1.2 மீட்டர் வழி விட்டுவிடுங்கள், அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கிச் சோதனைக்கு வருவார்கள்.

இதில் இன்னொரு லாபம், யாரும் பறிக்க மாட்டார்கள். என் நந்தியாவட்டையை விடியுமுன் யாரோ மொட்டை அடித்துவிட்டுப் போகிறார்கள். பறிப்பதோடு விட்டால் பரவாயில்லை, கிளையோடு ஒடிக்கிறார்கள். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தால் “சாமிக்குத்தானே அக்கா” என்று ஒரு சிரிப்பு. ஏன், அந்தச் சாமிக்குத் தேக்கா சந்தையில் பூ கிடைக்காதா? கேட்டு எடுத்தால் நானே பறித்துக் கொடுப்பேனே! நான்கு மாடி இறங்கி வந்து திருடுகிற ஆளுக்கு ஒரு தொட்டி வாங்கி வைக்க என்ன கேடு? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் நடைபாதையில் செடி வைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கல்யாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ பூ மட்டும் போதும் என்றால் கொய்மலராக வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் மலிவு. கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பாதி திறந்த மொட்டாகப் பாருங்கள், முழுக்க விரிந்தது சீக்கிரம் கொட்டும். தண்ணீர் நிறையக் குடிக்கும், தினமும் மாற்றுங்கள். டாஃபடிலோடு ஒரே ஜாடியில் வைக்காதீர்கள், அதன் பால் இதைக் கெடுத்துவிடும். அனிமோன் சாறு சிலருக்குக் கையில் அரிக்கும். வீட்டில் பூனை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், கடித்தால் விஷம்.