கேள்வி நேரம்: பையன்கள், பாட்டு, மகரக்கட்டு

கேள்வி: எங்கள் ஆலயத்தில் பையன்களுக்கென்று ஒரு கொயர் (பாடகர் குழு) தொடங்கி, சேர்ந்தால் தலைமைப் பண்பு வளரும் என்கிறார்கள். கூட்டத்தோடு பாடுகிறவனுக்குத் தலைமை எங்கிருந்து வரும்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: சும்மா பாடிவிட்டு வீட்டுக்குப் போனால் வராதுதான். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துத் தோமா ஆலயக் கொயரைப் பாருங்கள், 1212-ல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. ஒன்பது வயதுப் பொடியன் முதல் பதினெட்டு வரை, நூறு பேர் அளவில். விடுதியில் பெரியவனும் சின்னவனும் ஒரே அறையில்தான் இருப்பார்கள், சின்னவனைப் பார்த்துக்கொள்வது பெரியவன் பாடு. மூத்தவர்களில் சிலர் 'பிரிஃபெக்ட்' ஆகி ஒத்திகை எடுப்பார்கள், சில நேரம் கைகாட்டிப் பாடவும் வைப்பார்கள். நேற்று வரை பக்கத்தில் நின்றவன் இன்று முன்னால் நிற்கிறான், யார் மதிப்பார்கள்? அவர்கள் பாடும் ஜெர்மன் பாட்டுகளில் 'கோட்' (கடவுள்) என்று ஒரு சொல் வரும். அதன் கடைசி 'ட்' முப்பது வாயிலிருந்து முப்பது நேரத்தில் வந்தால் தகரக் கூரையில் தூறல் விழுந்த மாதிரி இருக்கும். அதை ஒரே 'ட்' ஆக்க அதட்டினால் நடக்காது, அத்தனை கண்ணும் தன் விரலைப் பார்க்க வைக்க வேண்டும். தலைமை என்று நான் சொல்வது இதைத்தான், மேடைப் பேச்சை அல்ல.

கேள்வி: பதினேழு வயதுப் பையனிடம் பொறுப்பைக் கொடுத்தால் சொதப்ப மாட்டானா? (மதுரை வாசகி)

பதில்: சொதப்புவான். அந்த லைப்சிக் கொயரை 1723 முதல் சாகும்வரை நடத்தியவர் இசைமேதை பாக். நகரத்தில் நான்கு ஆலயங்களுக்குப் பையன்களை அனுப்ப வேண்டும், இவரோ ஓர் ஆள், ஆகவே மற்ற குழுக்கள் பிரிஃபெக்ட்கள் கையில்தான். 1730-ல் நகர சபைக்கு அவர் எழுதிய கணக்கு: 17 பேர் தேறுவார்கள், 20 பேர் இனிமேல்தான், 17 பேர் உதவவே மாட்டார்கள். (மாணவனைப் பற்றி இன்றைக்கு எந்த வாத்தியார் இப்படி எழுதித் தருவார்!) 1736-ல் அந்தப் பையன்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் எர்னெஸ்டி தன் விருப்பப்படி ஒருவனைத் தலைமைப் பிரிஃபெக்ட் ஆக்க, அவனுக்குத் தாளம் பிடிக்கவே வராது என்று பாக் ஆராதனை நடுவிலேயே விரட்டிவிட்டார். சண்டை மாதக்கணக்கில் இழுத்து அரசர் வரை போனது. அங்கே யார் முன்னால் நிற்பது என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

கேள்வி: என் மகனுக்கு மகரக்கட்டு, குரல் உடைகிறது. கொயரை விட்டு நிறுத்திவிடலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. நம் பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் குரல் உடைந்த பையன் பாடு திண்டாட்டம்தான். லைப்சிக்கில் சில காலம் பாடாமல் ஓய்வு கொடுத்து, குரல் நிலைத்ததும் டெனர், பாஸ் என்ற ஆண்குரல் வரிசைகளில் நிறுத்திக்கொள்கிறார்கள், பிரிஃபெக்ட்கள் வருவதும் அங்கிருந்துதான். மகனைக் கத்திப் பாடவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வியன்னா அரண்மனை ஆலயக் கொயரில் பாடி, பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஷூபர்ட்டுக்கும் பதினைந்து வயதில் இதுதான் நடந்தது. தன் பாட்டுத்தாளிலேயே, 1812 ஜூலை 26 அன்று கடைசியாகக் 'கூவினேன்' என்று, சேவல் கணக்காக, கிறுக்கி வைத்துவிட்டுப் போனான் பையன்.