மகன்கள் மேல் கோபம், சபைக்குச் சொத்து

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 72. சொந்த வீடும், கொஞ்சம் நன்செய் நிலமும், வங்கியில் வைப்புத்தொகையும் உண்டு. இரண்டு மகன்களும் வெளியூரில் வசதியாக இருக்கிறார்கள். ஆலயத்தின் பக்கமே வருவதில்லை. அவர்கள் கைக்குப் போனால் வீணாகும் என்பதால், சொத்து முழுவதையும் சபைக்கு உயில் எழுதி, என் பெற்றோர் பெயரில் ஒரு மண்டபம் கட்டும்படி கேட்டுக்கொள்ள இருக்கிறேன். இதுவே மெய்யான உக்கிராணத்துவம் (கடவுள் ஒப்படைத்ததைப் பொறுப்பாக நிர்வகிப்பது) என்கிறார் எங்கள் சபையைக் கவனிக்கும் சேகர குரு. மகள் மட்டும், "அம்மா எங்கே இருப்பாள்?" என்று தடுக்கிறாள். நான் செய்வது சரிதானே?
- ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சரியல்ல, ஐயா. உங்கள் கடிதத்தில் மகன்களின் குறை இருக்கிறது, குருவானவரின் பாராட்டு இருக்கிறது, பெற்றோரின் பெயர் இருக்கிறது. உங்கள் மனைவியோ உங்கள் மகளின் வாயிலிருந்து வரும் ஒரே வாக்கியத்தில்தான் இருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே தொடங்குவோம். நீங்கள் உயில் எழுதாமல் மறைந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மீதி இரண்டு பங்கு மகன், மகள் என்ற வேறுபாடில்லாமல் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகவும் போகும். ஆனால் உயில் எழுதிவிட்டால், கிறிஸ்தவ மனைவிக்கு இன்னின்ன பங்கு கட்டாயம் போக வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அவர் குடியிருக்கும் வீட்டையே நீங்கள் வேறொருவருக்கு எழுதிவிடலாம். ஆகவே மகள் கேட்டதை வெறும் பாசப் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடுமையான சொல், விதவைகளைப் பராமரிப்பதைப் பற்றிய பகுதியிலேதான் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டிய உதவியைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குரிய காணிக்கை, என்று சொல்லிவிட்டுக் கடமையிலிருந்து கழன்றுகொண்டவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். அங்கே பிள்ளை பெற்றோருக்குச் செய்தது. இங்கே கணவன் மனைவிக்கும் தகப்பன் பிள்ளைகளுக்கும் செய்யப்போவது. ஆள்தான் மாறியிருக்கிறதே தவிர, உரிமையுள்ளவர்களின் வாயைக் கடவுளின் பெயரால் அடைக்கும் உபாயம் அதேதான். மகன்கள் ஆலயத்துக்கு வராத வருத்தம் நியாயமானது; அதற்காக அவர்களுக்கு விதிக்கும் தண்டனையைக் காணிக்கை உறையில் போட்டு நீட்டக் கூடாது. அந்த உயிலை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போனால், உங்கள் சபைக்கு மண்டபத்துக்கு முன்பாக ஒரு வழக்குதான் கைக்கு வரும்.

இனி உக்கிராணத்துவம். லூக்கா 16இல் எஜமான் "உன் உக்கிராணக் கணக்கை ஒப்புவி" என்று கேட்பது உயிரோடிருக்கும் வேலைக்காரனிடம். நீங்கள் எழுத நினைப்பதோ, நீங்கள் அனுபவித்து முடித்த பிறகு, மற்றவர்களின் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளப்படும் ஒரு கொடை. அதற்காக உங்கள் கையிலிருந்து இன்று ஒரு ரூபாயும் குறையாது. இன்று உங்கள் ஓய்வூதியத்தில் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லாததால், சபையார் வழக்கமாகச் செலுத்தும் சங்கக் காணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறீர்களோ என்ற சந்தேகம் எழுகிறது, தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டில் ஆண்டுக்கு 30 பவுண்டு சம்பாதித்தபோது 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்த ஓர் இளைஞர், வருமானம் 60, 90, 120 என்று உயர்ந்தபோதும் அதே 28 பவுண்டில் வாழ்ந்து மிச்சம் முழுவதையும் கொடுத்தார் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் குறிப்பிட்டார். அந்த இளைஞர் அவரேதான் என்பது பொதுவான கருத்து.

அவ்வளவு தூரம் போகாமல் உங்கள் பக்கத்து ஊரையே பார்க்கலாம். பாளையங்கோட்டையில் 1785இல் ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்த சிறிய ஆலயம், பெரிதும் கிளாரிந்தா அம்மையாரின் முயற்சியாலும் பொருளாலும் எழுந்தது. தஞ்சாவூரில் பிராமணக் கைம்பெண்ணாக இருந்து, முதலில் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டு, 1778இல் அதைப் பெற்ற அந்தப் பெண், தன் கைப்பொருளைத் தான் இருக்கும்போதே செலவிட்டார். கூடிவந்த சபையையும் கண்ணால் பார்த்தார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டின் 40 பேரில் முதல் பெயர் அவருடையது.

ஷ்வார்ட்ஸ் ஐயரே தம் சேமிப்பை மிஷனுக்கு உயிலில் விட்டுச் சென்றவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அவர் திருமணமாகாதவர்; 1798இல் அவர் மறைந்தபோது அந்த உயிலால் வீடிழந்த மனைவி யாரும் இல்லை. மேலும், வாழ்நாள் முழுவதும் கொடுத்துவந்த ஒருவரின் கடைசிக் கொடை அது. உயிலில் ஊழியத்துக்கு எழுதுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. மற்றவர் பங்கைத் தொடாமலும், இன்று கொடுப்பதற்குப் பதிலாக அமையாமலும் இருந்தால் அது நல்ல காரியமே.

மண்டபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஆலயங்களில் மின்விசிறி இறக்கையிலும் உபயகாரரின் பெயர் எழுதுகிறோம். கரண்ட் போனால்தான் அதை வாசிக்க முடிகிறது. நினைவுக்காகக் கொடுப்பது பாவமல்ல. மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக நியூயார்க் வங்கியாளர் ஒருவர் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடரிடம் 10,000 டாலர் கொடுத்தார். அதைக் கொண்டு 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஷெல் என்ற பெயர் அந்த ஊரில் நூறாண்டு தாண்டியும் வழங்குவதற்குக் கல்வெட்டு காரணமல்ல. அந்தக் கட்டடத்துக்குள் வைத்தியம் செய்ய ஆள் இருந்ததும், அந்த ஆளைத் தயாராக்க 1918இல் பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டதுமே காரணம். உங்கள் சபைக்கு இன்னொரு கல்யாண மண்டபம் தேவையா, அல்லது நர்சிங் படிக்கக் கட்டணம் இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். மூலதனத்தைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் ஒரு கல்வி நிதியை உங்கள் பெற்றோர் பெயரில் இந்த ஆண்டே தொடங்கினால், முதல் மாணவி தேறுவதை நீங்களே பார்க்கலாம். முதல் கணக்கையும் நீங்களே கேட்டு வாங்கலாம். தம் கையில் வந்த தர்மப்பணத்தைக் குறித்து ஒருவனும் குற்றஞ்சாட்டாதபடி எச்சரிக்கையாயிருந்த பவுலின் வழியில் வந்தவர்கள் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குருவானவர் ஊக்கப்படுத்துவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உடன்பிறந்தாரின் பிள்ளைகளோ அவர்களைவிட நெருங்கிய உறவினரோ உள்ள கிறிஸ்தவர், சமய, தரும காரியங்களுக்குச் சொத்து எழுதுவதானால், இறப்பதற்குக் குறைந்தது 12 மாதங்களுக்கு முன்பே உயில் எழுதி, எழுதிய 6 மாதங்களுக்குள் அதைச் சட்டப்படி ஒப்படைத்திருக்க வேண்டும் என்று அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு நெடுங்காலம் விதித்திருந்தது. மரணப் படுக்கையின் அருகே வந்து நிற்கும் குருவைப் பற்றிய அச்சம் அதற்குள் இருந்தது. கேரளத்துப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில், இது கிறிஸ்தவர்களிடம் பாகுபாடு காட்டுகிறது என்று சொல்லி 2003இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. தீர்ப்பு நியாயமானதே. ஆனால் சட்டம் வைத்திருந்த வேலி போய்விட்டதால், அதை இனி நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே உயிலை உடல்நலம் நன்றாக இருக்கும்போதே, உங்கள் குடும்பத்துக்கும் சபைக்கும் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரிடம் எழுதுங்கள். வீட்டையும், மனைவியின் வாழ்நாளுக்குப் போதுமான வைப்புத்தொகையையும் முதலில் அவர் பெயருக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதை மூவரையும் கூட்டிவைத்துச் சொல்லுங்கள். மகன்களிடம் ஆலயத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், சொத்தைக் கலக்காமல் தனியாகப் பேசுங்கள். மிச்சத்தில் சபைக்கு எழுதுவது இருந்தால், பத்திரத்தில் யார் பெயர் வரும், நிலத்தை விற்க யாருக்கு அதிகாரம் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உயிலை உங்கள் ஆயுட்காலத்தில் எத்தனை முறையும் மாற்றலாம். பதிவு செய்த தானப்பத்திரத்தை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது என்பதால், அவசரப்பட்டு அதில் கையெழுத்திட வேண்டாம். உயிலுக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். அவர்களில் ஒருவராக உங்கள் சேகர குருவை அழைக்காதீர்கள்.