பின்வீலு தள்ளுற வண்டிங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல என்னோட பழைய பிரீமியர் 118 என்.இ காரு பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இத்தன கடுதாசி வரும்னு நெனைக்கவே இல்லீங்க. எல்லாத்துக்கும் பதில் போட எடம் பத்தாது, பல பேரு கேட்டதையே அஞ்சு கேள்வியா எடுத்துருக்கறேன்.

ஏனுங்ணா, எங்க ஊட்டுக்காரரு பழைய 118 என்.இ ஒண்ணு வாங்கியே தீருவேன்னு நிக்கறாரு. ஊட்ல ஏசி, ஏர்பேக் எல்லாம் வெச்ச புது கார் நிக்குது. கேட்டா ரியர் வீல் டிரைவ், ரியர் வீல் டிரைவ்னு ஒரே பேச்சு. அதுல அப்படி என்னங்ணா இருக்குது?
– வாசகி, திருப்பூர்

அம்மிணி, உங்க புது கார்ல இன்ஜின் முன்வீலத்தான் சுத்துது, வண்டிய திருப்பறதும் அதே முன்வீலுதான். ஒரே சோடி மாட்ட கவலையும் எறை, வண்டியும் இழுன்னு சொன்னாப்ல. பழைய வண்டில அப்படி இல்லீங்க, முன்வீலு திரும்பற வேலைய மட்டும் பாத்துக்கும், தள்ளற வேலை முச்சூடும் பின்வீலுக்கு, கியர்பாக்ஸ்ல இருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட்னு நீளமா சுத்தற ஒரு தண்டு வண்டிக்கு அடியில ஓடி, ரெண்டு பின்வீலுக்கும் சக்திய பிரிச்சுக் குடுக்கற டிஃபரன்ஷியல்ல போயி சேரும். ஆக்சிலேட்டர் மிதிக்கறப்ப வண்டியோட கனம் பின்னாடி சாயும், அப்படி சாஞ்சா பின் டயருக்கு பிடி எச்சாகும், முன்னாடி ஸ்டீயரிங் லேசா சுத்தமா கையில நிக்கும்.

இது காகிதத்துல படிச்சா புரியாதுங்க. ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறுறப்பதான் புரியும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு, ஒம்பதாவதுல லோம்ஸ் வியூ வரும், அங்க நின்னு பாத்தா ஆழியாறு டேம் கீழ தட்டாட்ட தெரியும். வளைவுக்கு முன்னாடியே பிரேக் புடிச்சு, செகண்ட் கியர் போட்டு, ஸ்டீயரிங்க ஒடிச்சு, பாதி வளைவு தாண்டுனதும் ஆக்சிலேட்டர மெதுவா குடுத்தா, யாரோ நம்ம இடுப்புல கை வெச்சு முன்னாடி தள்ளி உடற மாதிரி வண்டி வெளிய வரும். டயரு என்ன பண்ணுதுன்னு சீட்டு வழியா முதுகுக்கு தெரியும். 118 என்.இ இன்ஜினு நிசான் ஏ12, 1171 சிசி, 52 குதிரைதான், அதனால இருக்கற சக்திய முச்சூடும் ரோட்டு ஸ்பீடுக்குள்ளயே அனுபவிக்கலாம். பெரிய வண்டில அது முடியாதுங்க, பாதி மிதிக்கறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும்.

ஆனா அதே பின்வீலு கோவிச்சுக்கவும் செய்யும், அதையும் சொல்லிறணும். 2014ல நானும் எங்க ஊட்டம்மாவும் வால்பாறைல இருந்து எறங்கிட்டு இருந்தோம், அப்பத்தான் மழை விட்டிருந்துச்சு. நாலும் புது டயரு, போட்டு மூணு வாரம்தான் ஆச்சு. ஒரு வளைவுல வரையாடு ஒண்ணு சுவத்து மேல நின்னுச்சு, அத பாத்துட்டு வளைவு நடுவுல சட்டுனு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டேன். கனம் முச்சூடும் முன்னாடி போயிருச்சு, பின்னாடி லேசாயி வழுக்கி, வண்டி ரோட்டுக்கு குறுக்கால திரும்பி சுவத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. எதுக்கால பஸ் வந்திருந்தா இன்னிக்கு இத எழுத ஆளு இல்ல. ஊட்டுக்கு வந்து டார்ச் அடிச்சு டயரோட பக்கவாட்ட பாக்கறேன், டிஓடின்னு ஆரம்பிக்கற எழுத்துக்கு கடைசில 3408ன்னு நாலு நம்பரு. அதுக்கு அர்த்தம் 2008ம் வருஷம் 34வது வாரத்துல செஞ்சதுன்னு. புதுசுன்னு சொல்லி ஆறு வருஷம் குடோன்ல கெடந்து கட்டியாப் போன ரப்பர எனக்கு மாட்டி உட்டுருக்காங்க. டயரு மேல இருக்கற பட்டன் எல்லாம் தேயாம அப்படியே இருந்துச்சு, பிடிதான் இல்ல.

அதனால உங்க ஊட்டுக்காரரு வண்டி வாங்குனா, மொத செலவு டயரு, ரெண்டாவது பிரேக்கு, பெயிண்ட் எல்லாம் பொறவு பாத்துக்கலாம்னு சொல்லுங்க. ஏபிஎஸ்சு ஏர்பேக்கு எதுவுமே அதுல கெடையாது, கொழந்தைங்கள கூட்டிக்கிட்டு ஹைவேல போறதுக்கு புது கார்தான். இது ஞாயித்துக்கெழம வெடியால அவரு போயிட்டு டிஃபனுக்கு திரும்பி வர்ற வண்டி. ஒரு தடவ நீங்களும் ஓட்டிப் பாருங்க அம்மிணி, அதுக்கப்புறம் மறுபடி எழுதுங்க.

அண்ணா, எனக்கு வயசு 24, பம்ப் கம்பெனில வேலை. மஸ்தா மியாட்டா இல்லன்னா டொயோட்டா ஏஇ86, இந்த ரெண்டுல ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாளா காசு சேத்தறேன். ஜப்பான்ல பழைய வண்டி கம்மி வெலைக்கு கெடைக்குதாமே, இங்க எறக்க முடியுமா?
– வாசகர், பொள்ளாச்சி

தம்பி, நல்ல வண்டியத்தான் ஆசப்பட்டிருக்கீங்க. மியாட்டா 1989ல வந்தது, 1.6 லிட்டர் இன்ஜினு, எடை ஒரு டன்னுக்கும் கம்மி, 1960கள்ல வந்த லோட்டஸ் எலான் மாதிரி குட்டியா ஒரு ரெண்டு சீட்டு வண்டி, ஆனா நம்பி ஸ்டார்ட் பண்ணலாங்கற மாதிரி செய்யணும்னு நெனச்சு செஞ்சாங்க. குதிரையும் சவாரிக்காரனும் ஒண்ணாங்கற அர்த்தத்துல ஜப்பான்ல ஜின்பா இட்டாய்னு ஒரு வார்த்த சொல்லுவாங்க, அந்த வண்டிக்கு அதுதான் அடிப்படை. 2016ல 10 லட்சமாவது மியாட்டா வெளிய வந்துச்சு. ஏஇ86 1983ல இருந்து 1987 வரைக்கும் வந்தது, அதுவும் 1.6 லிட்டர்தான், பெரிய பவரெல்லாம் இல்ல. ரெண்டு வண்டியோட பேரும் நிக்கறது எடை கம்மிங்கறதுனாலயும் பின்வீலுனாலயுந்தான்.

ஆனா இங்க எறக்க முடியாது கண்ணு. செகண்ட்ஹேண்ட் கார் இறக்குமதி பண்ணணும்னா செஞ்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாதுங்கறது நம்ம நாட்டு விதி, அதுபோக வரி வேற வண்டி வெலைய தாண்டும். முப்பது வருஷ வண்டிய கொண்டாந்து தர்றேன்னு ஆராச்சும் அட்வான்ஸ் கேட்டா குடுத்துறாதீங்க, பேப்பர் இல்லாத வண்டி வண்டியே இல்ல.

நான் சொல்றது என்னன்னா, உங்க ஊருக்குள்ளயே தேடுங்க. 118 என்.இ யோட பாடி ஃபியட் 124, 1967ல ஐரோப்பால அந்த வருஷத்து சிறந்த கார்னு பரிசு வாங்குனது. பின்னாடி காயில் ஸ்பிரிங், அதனால பிரீமியர் பத்மினி காரு மாதிரி குதிக்காது. காண்டஸா 1984ல வந்துச்சு, இங்கிலாந்து வாக்ஸால் விக்டர் வண்டியோட அச்சு, ஆரம்பத்துல அம்பாசிடர் இன்ஜினப் போட்டு அதோட உசுர வாங்குனாங்க, பொறவு இசுசு 1.8 இன்ஜினும் அஞ்சு கியரும் வந்த பொறவுதான் அது காரு. வாங்குனா அந்த இசுசு வண்டியத்தான் வாங்கணும், நீளமான வண்டி, ஜாக்கிரதையா ஓட்டோணும். ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு ஒண்ணு மெட்ராஸ்ல செஞ்சாங்க, பானட்டு முச்சூடும் முன்னாடி கவுந்து தொறக்கும், இங்கிலாந்துல டிரையம்ஃப் ஸ்பிட்ஃபையர்ங்கற ஸ்போர்ட்ஸ் காரு ஹெரால்டோட சேசிஸ்ல, அதாவது அடிச்சட்டத்துல, இருந்து வந்ததுதான். அழகு கொள்ள அழகு, பார்ட்ஸ் தேடறதுக்கு பொறுமை வேணும். இதெல்லாம் வேண்டாம் கொஞ்சம் புதுசா வேணும்னா 2007ல இருந்து சென்னைல அசெம்பிள் பண்ண பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் இருக்குது, இப்ப வெல நல்லா எறங்கிருச்சு, ஆனா வாங்கற வெலதான் எறங்கியிருக்குது, பார்ட்ஸ் வெல எறங்கல, அத மறந்துறாதீங்க.

எத பாத்தாலும் மொதல்ல காந்தம் ஒண்ண துணில சுத்தி எடுத்துட்டு போங்க. கதவுக்கு கீழ இருக்கற படி, ஜாக்கி வெக்கற எடம், பின் வீல் ஆர்ச், இங்கெல்லாம் வெச்சு பாத்தா பட்டி போட்ட எடத்துல காந்தம் ஒட்டாது. இன்ஜின் வேலை எப்ப வேணாலும் பண்ணிக்கலாம், இத்துப்போன பாடிய திருப்பி எடுக்கற செலவு வண்டி வெலைய தாண்டிரும். அந்த வகைல நம்ம பக்கத்து வண்டிங்க நல்லதுங்க, கடல் காத்து இல்லாததால கடலோர ஊரு வண்டி மாதிரி துரு புடிக்கறதில்ல. ஓட்டிப் பாக்கறப்ப டாப் கியர்ல கால எடுத்து எடுத்து மிதிங்க, அடியில டக்கு டக்குன்னு சத்தம் வந்தா ஷாஃப்ட்டுல இருக்கற கிராஸ்ங்கற மூட்டு போயிருக்குதுன்னு அர்த்தம், சின்ன செலவுதான். ஊங்னு ஒரே சீரா ஊளையிட்டா டிஃபரன்ஷியல்ல இருக்கற கிரவுன் பினியன் பல்சக்கரம், அது பெரிய செலவு, வெலைய கொறச்சு பேசுங்க.

மழை பேஞ்ச அன்னிக்கு ராத்திரி ரிங் ரோட்ல பின்வீல வழுக்க உட்டு டிரிஃப்ட் அடிச்சு பழகலாம்னு ஃபிரண்ட்ஸ் கூப்புடறாங்க. போலாமா?
– வாசகர், அவினாசி

போகாதீங்க தம்பி. அந்த ரோட்ல மில்லு ஷிஃப்ட் முடிச்சு வர்ற புள்ளைங்க டிவிஎஸ்ல வருவாங்க. பழகணும்னா செட்டிபாளையத்துல 2.1 கிலோமீட்டர் டிராக் இருக்குது, 2003ல ஆரம்பிச்சது, கரிவரதன் பேர வெச்சிருக்காங்க. நடுத்தர ஊட்டு பசங்களும் ரேஸ் ஓட்டணும்னு மாருதி 800 இன்ஜினப் போட்டு ஃபார்முலா மாருதின்னு வண்டி செஞ்ச மனுசன், 1995ல விமான விபத்துல போயிட்டாரு, அவரு பேர்ல டிராக் வந்தத அவரு பாக்கல. 2005ல ஃபார்முலா ஒன் ஓட்டுன நரேன் கார்த்திகேயனும் நம்ம கோயமுத்தூருதான். இத்தன பக்கத்துல அப்படி ஒரு எடத்த வெச்சுக்கிட்டு ரிங் ரோட்டுக்கு எதுக்குங்க போகோணும்.

திம்பம் மலை ஏறுனா என் காண்டஸா கொதிக்குது. பவானில இருந்து சத்தி வரைக்கும் ஒண்ணும் இல்ல.
– வாசகர், பவானி

சமவெளில ஓடறப்ப காத்தே ரேடியேட்டர ஆத்திரும், திம்பத்துல 27 வளைவுலயும் ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்ல லாரிக்கு பின்னாடி ஊந்துறப்ப ஃபேன் மட்டுந்தான் ஆத்தோணும். ரேடியேட்டர கழட்டி ராடு உட்டு சுத்தம் பண்ணுங்க, ஃபேனையும் மூடியோட ரப்பரையும் பாருங்க. தண்ணி சூட்டுக்கு ஏத்தாப்ல தொறந்து மூடற தெர்மோஸ்டாட்ட கழட்டி வீசிறலாம்னு மெக்கானிக் சொன்னா ஒத்துக்காதீங்க, புதுசு போடுங்க. கொதிக்கறப்ப மூடிய தொறக்கவே கூடாது.

எங்க அப்புச்சியோட 1986 பத்மினி தோட்டத்து சாளைல ஒம்பது வருஷமா தார்ப்பாய் போட்டு நிக்குது. அப்புச்சி போயிட்டாரு. மாமா பழைய இரும்புக்கு போட்றலாங்கறாரு, எனக்கு மனசு வரல. திருப்பி ஓட வெக்க முடியுங்களா?
– வாசகி, பெருந்துறை

முடியுங்க அம்மிணி. இந்த கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன். இரும்புக்காரன் கிலோ கணக்குல குடுக்கற காசு ரெண்டு மாசத்துல செலவாயிரும், அந்த வண்டி போனா போனதுதான், மாமாகிட்ட பக்குவமா எடுத்து சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, புது பேட்டரிய மாட்டி சாவிய திருப்பறத மட்டும் செஞ்சுறாதீங்க, எல்லாரும் அதத்தான் மொதல்ல பண்றாங்க. பானட்ட தொறந்து எலி கூடு கட்டியிருக்குதான்னு பாருங்க, வயர கடிச்சிருந்தா கரண்டு குடுத்ததும் தீ புடிக்கும். நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊத்தி ஒரு நா ராத்திரி முச்சூடும் உடுங்க. அடுத்த நாளு டாப் கியர் போட்டு ரெண்டு ஆளு வண்டிய முன்னாடியும் பின்னாடியும் மெதுவா ஆட்டுனா, இன்ஜின் சுத்துதான்னு தெரிஞ்சுரும். சுத்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. சுத்தலன்னா பலத்தப் போடாதீங்க, மறுபடி ஆயில் ஊத்தி நாலு நா காத்திருங்க.

டேங்க்ல இருக்கற பழைய பெட்ரோல் பெயிண்ட் வார்னிஷ் வாசம் அடிக்கும், அத வடிச்சு டேங்க கழட்டி கழுவோணும். பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற ரப்பரா மாத்திருங்க, பம்ப்ல இருக்கற டயஃப்ரம், கார்புரேட்டர் கிட்டு இதையுங்கூட. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதம் எத்தனால், அது அந்தக் காலத்து ரப்பர பிசுபிசுன்னு ஆக்கிரும், ஈரத்தையும் இழுத்து வெச்சுக்கும், அதனால டேங்க ரொப்பி மாசக்கணக்குல நிறுத்தவும் கூடாது. நாலு வீல்லயும் டிரம் பிரேக்கு, வீல் சிலிண்டரு துரு புடிச்சு இறுகியிருக்கும், அத மாத்தி பிரேக் ஒழுங்கா புடிச்ச பொறவுதான் வண்டி சாளைய உட்டு வெளிய வரோணும்.

பேப்பர் வேலையையும் இப்பவே ஆரம்பிச்சுருங்க. அப்புச்சி பேர்ல இருக்கற ஆர்சிய வாரிசு பேருக்கு மாத்த படிவம் 31, பதிவ புதுப்பிக்க படிவம் 25, ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டிய காட்டி தகுதி பாத்தா அஞ்சு வருஷத்துக்கு குடுப்பாங்க. தாமதத்துக்கு கட்டணம், பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேரும். 15 வருஷம் ஆனா வண்டி ஓட்டவே கூடாதுன்னு மாமா சொன்னா, அந்தக் கெடுபிடியெல்லாம் டெல்லி பக்கம், நம்ம ஊருல புதுப்பிச்சு ஓட்டலாம்னு சொல்லுங்க.

உங்க வண்டில கியர் ஸ்டீயரிங் பக்கத்துலயே இருக்கும், முன்னாடி பெஞ்சு சீட்டு. ஓட ஆரம்பிச்ச அன்னிக்கு அம்முச்சிய அந்த முன்சீட்ல உக்கார வெச்சு, பொழுதோட வாய்க்கா ரோட்ல ஒரு சுத்து கூட்டிட்டு போயிட்டு வாங்க, போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க.