கொச்சையும் ஒரு கொக்கியும்

கேள்வி: ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கொச்சை ஆங்கிலத்தில் எழுதியே உலகப் புகழ் பெற்றார் என்கிறார்கள். நாங்கள் கொச்சைத் தமிழில் கவிதை அனுப்பினால் மட்டும் உங்கள் பத்திரிகை திருப்பி அனுப்புகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: ‘கொச்சை’ என்ற சொல்லை உங்கள் கையில் கொடுத்தது யார்? ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவின் பெரிய மனிதர்களுக்கு அதை லண்டன் கொடுத்தது. அவர்களும் பிரசாதம் போல வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தத்துவ ஞானி டேவிட் ஹியூம் 1752இல் ஒரு பட்டியலே போட்டார்: நல்ல ஆங்கிலம் எழுத நினைக்கும் ஸ்காட்லாந்துக்காரர் தவிர்க்க வேண்டிய ஊர்ச் சொற்கள். கடவுளையே சந்தேகப்பட்டவர், லண்டன் இலக்கணத்தைச் சந்தேகப்படவில்லை.

பர்ன்ஸ் எழுதிய ஸ்காட்ஸ் மொழி, ஆங்கிலத்தின் கெட்டுப்போன பிள்ளை இல்லை. உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்தின் வடக்குக் கிளையில் முளைத்து, அரசவையிலும் சட்டத்திலும் புழங்கிய மொழி. 1603இல் ராஜா லண்டனுக்குக் குடிபோனார், 1707இல் பாராளுமன்றமும் போயிற்று. மொழி மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. வரலாறு போதும்.

எனக்குச் சொல்ல வேண்டியது கொக்கியைப் பற்றி. ஆங்கிலத்தில் எழுத்து விடுபட்டால், மாடியேறிய காற்புள்ளி மாதிரி ஒன்று போடுவார்களே, அது. பர்ன்ஸ் 1786இல் கில்மார்னக்கில் 612 பிரதி அச்சிட்ட முதல் புத்தகத்தைத் திறந்தால் எங்கும் அதுதான். “வி’”, “ஆ’”, “ஃபு’”. ‘வித், ஆல், ஃபுல் என்று எழுதியிருக்க வேண்டும், வால் அறுந்துவிட்டது, பெரியவர்கள் பொறுத்தருள்க’ என்று அர்த்தம். இங்கிலாந்து வாசகரும் வாங்கட்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் பரவிய பழக்கம். ஸ்காட்ஸ்காரர்களே பின்னால் அதற்கு ‘மன்னிப்புக் கேட்கும் கொக்கி’ என்று பெயர் வைத்தார்கள்.

நம் பக்கம் வருவோம். மலையாளத்தில் அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. நம் ஆன், ஆள், ஆர் எல்லாம் அங்கே எப்போதோ உதிர்ந்துவிட்டன. திருச்சூரில் ஒரு அச்சகக்காரர், தமிழர் மனம் புண்படுமே என்று வினைச்சொல்லுக்கெல்லாம் கொக்கி மாட்டுகிறார் என்று வையுங்கள்: வந்நு’, போயி’, கண்டு’. ஒரு நாவலுக்கு முப்பதாயிரம் கொக்கி. ஈய எழுத்து தீர்ந்துபோய்க் கம்போசிட்டர் பாலக்காட்டுக்கு ஓடுகிறார். அங்கே ஒரு காவியக் கவிஞர் காலையிலேயே மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். சரி, கோயம்புத்தூரில் கடன் கேட்போம் என்று கணவாய் தாண்டி வந்தால், நம்மவர் கையை விரிக்கிறார்: “எங்ககிட்ட கொக்கி இல்லீங்க, மேற்கோள் குறிதான் இருக்குது.”

நிஜமாகவே அதுதான் இருந்தது. நான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த பத்திரிகையில் ஒரு பிழை திருத்துநர். கதையில் பாட்டி, தொட்டுக்கொள்ளும் கறியை வெஞ்சனம் என்று வாயைத் திறந்தால் போதும், இரண்டு பக்கமும் குறி போட்டுக் கைது செய்துவிடுவார். பாட்டி பேச்சுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல! பதினோரு வருடம் அவர் போட்டார், நான் அழித்தேன். அவர் ஓய்வு பெற்ற நாளில் வந்த இதழிலும் ஒரு வெஞ்சனம் உள்ளேதான் இருந்தது.

ஸ்காட்ஸ் கவிஞர்கள் சிலர் 1947இல் எடின்பரோவில் கூடி எழுத்துமுறைக்கு விதிப் பட்டியல் ஒன்று தயாரித்தார்கள். கொக்கி வேண்டாம் என்பது அதில் ஒரு விதி. இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஹியூ மக்டியார்மிட். 1922இல் பழைய புத்தகங்களில் தூசி படிந்து கிடந்த சொற்களை எடுத்துக் கவிதை செய்தார். அதில் ஒரு சொல் ‘யௌ ட்ரம்ள்’: கம்பளி கத்தரித்த பிறகு ஜூலையில் அடிக்கும் குளிர். நேர்ப்பொருள், பெட்டையாட்டு நடுக்கம். போர்த்தியிருந்ததைப் பறிகொடுத்த ஆடு கோடைக்காலத்தில் வெடவெடவென்று நிற்பது கண்ணுக்குத் தெரிகிறதா? இரண்டே சொல். வேடிக்கை, அந்த வரியிலேயே ஒரு கொக்கியும் தொங்குகிறது. அவருக்கே கை வரவில்லை.

‘ஸ்காட்லாந்துக்காரர் ஒரு மொழியில் உணர்கிறார், இன்னொன்றில் யோசிக்கிறார்; முழுமையான இலக்கியம் வேண்டுமானால் ஆங்கிலத்துக்கு வாருங்கள்’ என்ற பொருளில் 1936இல் எழுதினார் இன்னொரு ஸ்காட்லாந்துக் கவிஞர் எட்வின் மூர். மக்டியார்மிட் அதை மன்னிக்கவே இல்லை. ‘ஹூஸ் ஹூ’ என்ற பிரமுகர் தொகுப்பில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘ஆங்கில வெறுப்பு’ என்று எழுதிக் கொடுத்த மனிதர். சகவாசத்துக்கு ஆகாத ஆள்தான். இருந்தாலும் நான் அவர் கட்சி.

பாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி முடித்துக் கடைசி அடி எடுத்து வைக்கும்போது வாத்தியக் குழு வாசிக்கிறதே, அது பர்ன்ஸின் ‘ஆல்ட் லாங் சைன்’ மெட்டு. ‘பழைய, நெடுங்காலம் முன்னே’ என்று ஸ்காட்ஸில் பொருள். அங்கே விறைப்பாக நிற்கிற எவரும் கொச்சை என்று முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

ஸ்காட்ஸில் கவிஞருக்கு ‘மாக்கர்’ என்று பெயர், செய்கிறவர். நம் செய்யுளிலும் அதே ‘செய்’தான். உங்கள் கவிதையைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். ‘ஏல, எங்கல போற’ என்று பிரமாதமாகத் தொடங்குகிறது. திருப்பி அனுப்பியது அதற்காக இல்லை. பதினாறு வரியில் நிலா ஐந்து தடவை வருகிறது. அதில் மூன்றை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.