பச்சைத் தவளையும் மயில்கழுத்துப் புடவையும்

கேள்வி: அமேசான் பக்கம் ஒரு மரத்தவளை இருட்டில் மின்மினி போல ஒளிர்கிறதாமே? பச்சைப் பொய்தானே? (வாசகர் ஒருவர், குடியாத்தம்)

பதில்: பொய்க்குப் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது? பச்சைத் தண்ணீரை மொண்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள், பச்சையாக இருக்காது. இருந்தால் தொட்டியைக் கழுவுங்கள். பச்சரிசி வெள்ளை. பச்சைக் குழந்தை எங்கள் வீட்டில் கறுப்பாகத்தான் பிறக்கும். இதையே முன்பு இங்கே எழுதியபோது ஒரு தமிழாசிரியர் மூன்று தபால் அட்டைகளில் என்னைத் திட்டினார். நான்காவதற்குக் காத்திருக்கிறேன்.

உண்மையான பச்சை உடம்புக்காரர் உங்கள் தவளைதான். பெயர் போவானா பங்க்டாட்டா, உடம்பெல்லாம் செம்புள்ளி. அமேசான் படுகையிலிருந்து தெற்கே அர்ஜென்டினா வரை உண்டு. கட்டைவிரல் நீளம்கூடத் தேறாது. தோல் எண்ணெய்க் காகிதம் போல ஒளி ஊடுருவும். உள்ளே ஓடும் பிலிவெர்டின் என்ற பித்த நிறமிதான் பச்சையாகத் தெரிகிறது. கதவில் முழங்கையை இடித்துக்கொண்டால் சில நாள் கழித்துக் கன்றிய இடம் பச்சையாகுமே, அதே சரக்கு.

அர்ஜென்டினாவின் சாண்டா ஃபே நகருக்கு அருகே பிடித்த தவளைகளின் மேல் ஆய்வாளர்கள் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். அந்த நிறமியால் மங்கலான சிவப்பு தெரியும் என்று எதிர்பார்த்தார்கள். வந்ததோ நீலம் கலந்த பச்சை. நிணநீரிலும் தோல் சுரப்பிகளிலும் இருந்த ஹைலாயின் என்ற வேறொரு பொருளின் வேலை அது. 2017-ல் செய்தி வெளியானது.

ஆனால் மின்மினியோடு சேர்க்காதீர்கள். மின்மினி சொந்தத்தில் வெளிச்சம் உற்பத்தி செய்கிறது. இது வாங்கி விற்கும் வியாபாரி: நம் கண்ணுக்கு எட்டாத ஒளியையும் நீல ஒளியையும் வாங்கி, பச்சையாக்கித் திருப்பித் தருகிறது. கும்மிருட்டில் கடை மூடியிருக்கும். அந்தி வெளிச்சத்திலும் நிலவிலும்தான் வியாபாரம். பௌர்ணமி இரவில் அதன் மேனியிலிருந்து வரும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதம் இந்த வகையாம்.

டியூப்லைட்டும் இதே தொழில்தான். உள்ளே பிறப்பது புற ஊதா ஒளி. கண்ணாடியில் பூசிய பொடி அதை வெள்ளையாக்குகிறது. அந்த வெள்ளையை நம்பித்தான் 1991 தீபாவளிக்கு என் மனைவி மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்தார். வாசலில் வந்து பிரித்தால் பாசிப்பச்சை. மாற்றித் தரச் சொன்னோம். “வெளிச்சம் மாறினால் நிறம் மாறும் அம்மா, இது புடவையின் குற்றமா?” என்றார் கடைக்காரர்.

பில் இன்னும் என்னிடம் இருக்கிறது.