பில் மெயில் கொச்சிக்குப் போய்ச் சேர மாட்டேன் என்கிறது. வாட்ஸ்அப்புக்கே மாறிவிடலாமா?

கேள்வி இது: கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம். சொந்த டொமைன் (நம் பெயரில் வாங்கிய இணைய முகவரி) மெயிலில் அனுப்பும் பில்லைக் கொச்சி, கோட்டயம் பார்ட்டிகள் "கிட்டியில்ல" (கிடைக்கவில்லை) என்கிறார்கள். பவுன்ஸும் ஆகவில்லை, அதாவது 'போய்ச் சேரவில்லை' என்று திரும்பியும் வரவில்லை.

பவுன்ஸ் ஆகவில்லை என்றால் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. எதிர்முனை சர்வர் 250 என்று பதில் சொல்வது "வாங்கிக்கொண்டேன்" என்பதற்கு மட்டும்தான். இன்பாக்ஸா, ஸ்பேமா என்பதை அது தன் இஷ்டப்படி முடிவு செய்யும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கெடுபிடி கூடிவிட்டது. யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலோடு போகும் டிஜிட்டல் கையெழுத்து) இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஜிமெயில்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டோடு டிமார்க்கும் (அந்தச் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) கட்டாயம். நீங்கள் நாலு பில் அனுப்பினாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

முதலில் சோதனை. உங்கள் பில்லிங் மெயிலிலிருந்து ஏதாவது ஒரு ஜிமெயிலுக்கு ஒரு பில் அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மூன்றுக்கும் நேராக 'பாஸ்' இருக்க வேண்டும்.

எஸ்பிஎஃப் ஃபெயில் ஆனால் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்கள் இருக்கும் பதிவேடு) இரண்டு எஸ்பிஎஃப் வரி இருக்கிறதா பாருங்கள். ஹோஸ்டிங்காரர் ஒன்று போட்டிருப்பார், பிறகு மெயில் சேவை மாற்றியபோது இன்னொன்று சேர்ந்திருக்கும். இரண்டு இருந்தால் ஒன்றுமே இல்லாத மாதிரிதான். ஒரே வரியாகச் சேருங்கள்; அதற்குள் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது.

எஸ்பிஎஃப் பாஸ் ஆகியும் மெயில் காணாமல் போகிறதா? பார்ட்டியிடம் கேளுங்கள், கம்பெனி மெயிலை முதலாளியின் ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் போட்டிருக்கிறார்களா என்று. போட்டிருந்தால் மெயில் கடைசியாக வந்து சேர்வது அவர்கள் சர்வரிலிருந்து. உங்கள் எஸ்பிஎஃப் பட்டியலில் அந்த சர்வரின் ஐபி எண் இருக்காது, அதனால் அங்கே எஸ்பிஎஃப் ஃபெயில். இங்கே காப்பாற்றுவது டிகேஐஎம்தான். வழியில் யாரும் உள்ளடக்கத்தைத் தொடாதவரை அந்தக் கையெழுத்து அழியாது. ஆனால் டிகேஐஎம்மின் 2048 பிட் சாவியை டிஎன்எஸ்ஸில் ஒட்டும்போது கவனம்: ஒரு டெக்ஸ்ட் துண்டில் 255 எழுத்துதான் கொள்ளும், சாவி அதைவிட நீளம், துண்டுகளாகப் பிரித்துப் போட வேண்டும். சில ஹோஸ்டிங் பேனல்கள் சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும்.

பார்ட்டியின் ஜிமெயிலில் இலவச இடம் நிரம்பியிருந்தாலும் மெயில் ஏறாது. அது பவுன்ஸ் ஆகித் தெரிந்துவிடும், விடுங்கள்.

வாட்ஸ்அப் எங்கே நல்லது என்றால், லோடு குமுளி மலை ஏறும்போது டிரைவர் கையில் பில்லும் இ-வே பில்லும் இருக்க வேண்டுமே, அங்கே. கணக்குக்கு அது ஆகாது. டெலிவரி ஆகாத மெசேஜ் 30 நாளில் சர்வரிலிருந்து அழிந்துவிடும். கணக்குப்பிள்ளை போன் மாற்றிவிட்டால், ஆடிட்டர் கேட்கும்போது யார் போனில் தேடுவீர்கள்?

பிடிஎஃப்பை மெயிலில் அனுப்பி, பில் நம்பரை மட்டும் வாட்ஸ்அப்பில் தட்டுங்கள். முதல் தடவை ஸ்பேமில் கிடந்தால் 'ஸ்பேம் இல்லை' அழுத்தி, 'கிட்டி' என்று மெயிலிலேயே ஒரு ரிப்ளை போடச் சொல்லுங்கள்.